பத்தாண்டுக்கு மேல் தொடாத தமிழ்த் தொழில்நுட்பத் தளம்: மீட்பதை எங்கிருந்து தொடங்குவது?

பொன்னிக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே.

2003-இல் இருந்து 2011 வரை வலை வடிவமைப்பு பற்றித் தமிழில் எழுதிவந்தேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் பிஎச்பி, தமிழ் எழுத்துருவைக் கணினியில் நிறுவுவது, இப்படிப் பல. பிறகு வேலை மாறியது, வீட்டில் பொறுப்பு கூடியது, தளம் அப்படியே நின்றுவிட்டது. டொமைன் பெயரை மட்டும் விடாமல் புதுப்பித்துவந்தேன். பழைய சர்வர் இப்போது இல்லை. அந்த முகவரிக்குப் போனால் வெற்றுப் பக்கம்தான் வரும்.

மறுபடி எழுத வேண்டும் என்ற எண்ணம் கொஞ்ச நாளாகவே வலுத்துவருகிறது. இந்தத் துறையில் இவ்வளவு ஆண்டுகள் இருந்து கற்றதைத் தமிழில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கையில் இருப்பவை இவை. ஆரம்பக் காலத்துப் பக்கங்கள் தனித்தனி எச்டிஎம்எல் கோப்புகள். பெரும்பாலும் திஸ்கியில், அதாவது யூனிகோடுக்கு முன்பிருந்த தமிழ்க் குறிமுறையில் (எழுத்தைக் கணினியில் எண்ணாகச் சேமிக்கும் முறை) அடித்தவை. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருவர் எழுதித் தந்த சில கட்டுரைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. 2006-க்குப் பிறகு வேர்ட்பிரஸ், யூனிகோடு. அதன் தரவுத்தளம் ஒரே எஸ்க்யூஎல் கோப்பாக இருக்கிறது. திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்தும் கண்ணில் படவில்லை, எல்லாம் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும்தான்.

பழையதை மீட்பதா, புதிதாகத் தொடங்குவதா? மீட்பதென்றால் எதை முதலில் செய்வது? 2004-இல் எழுதிய சிஎஸ்எஸ் பாடத்தை இன்று யாராவது படித்தால் அவருக்கு நன்மையா தீமையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிரல்நேசன் எழுதியது:

அக்கா, முதலில் ஒன்று. அந்தக் கோப்புகளை எந்த எடிட்டரிலும் திறந்து 'சேமி' என்று கொடுத்துவிடாதீர்கள். இரண்டு நகல் எடுத்து வேறு வேறு இடத்தில் வைத்துவிட்டு, மூன்றாவது நகலில் வேலை செய்யுங்கள். திஸ்கிக் கோப்பை இன்றைய எடிட்டர் யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று நினைத்துத் திறந்து சேமித்தால் மூல பைட்டுகள் போய்விடும். பிறகு எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

தரவுத்தளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', அதை அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' அல்லது மேலே ஒரு கிடைக்கோடு, இந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் உங்கள் தமிழ் பத்திரமாக உள்ளே இருக்கிறது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டே வகை. அதை லத்தீன்-1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறிமுறை) என்று தவறாகப் படித்தால் நீங்கள் பார்ப்பது வரும். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் அந்தக் காலத்தில் இயல்பான குறிமுறை லத்தீன்-1. 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் அது யூடிஎஃப்-8எம்பி4 (முழு யூடிஎஃப்-8க்கு மைஎஸ்க்யூஎல் வைத்த பெயர்) ஆனது. வேர்ட்பிரஸ் அனுப்பிய தமிழை அது லத்தீன் என்று நினைத்தே வாங்கி வைத்துக்கொண்டது, திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே கொடுத்தது. அதனால் தளத்தில் சரியாகத் தெரிந்தது. ஏற்றுமதி செய்தபோது அது 'லத்தீனில் இருந்து யூடிஎஃப்-8க்கு' என்று இன்னொரு முறை மாற்றியிருக்கிறது.

சரிசெய்ய, கோப்பை அப்படியே ஒரு மைஎஸ்க்யூஎல்லில் ஏற்றுங்கள். அதற்குள்ளேயே தமிழ் இருக்கும் அட்டவணை நெடுவரிசையை லத்தீன்-1க்கு மாற்றி, அதை பைனரியாக்கி, பைனரியை யூடிஎஃப்-8எம்பி4 என்று படிக்கச் சொல்லுங்கள். மூன்று படியையும் ஒரே வரிக் கட்டளையில் எழுதலாம்.

ஏன் மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே செய்யச் சொல்கிறேன் என்றால், வெளியே விண்டோஸ்-1252 என்ற குறிமுறையை வைத்து மாற்றும் கருவிகள் பல இருக்கின்றன. அந்தக் குறிமுறையில் 5 இடங்கள் காலி. தமிழுக்கு அது பெரிய இடி. புள்ளியின் கடைசி பைட்டும், உகரக் குறியின் கடைசி பைட்டும், ஏ, ஐ இரண்டின் கடைசி பைட்டும் சரியாக அந்தக் காலி இடங்களில்தான் விழுகின்றன. கருவி அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டால் மெய்யெழுத்து எல்லாம் புள்ளி இழந்து நிற்கும். புள்ளி போன ஒரு பழைய தளத்தைக் கையால் திருத்தி முடித்தவரை எனக்குத் தெரியும், மாதக்கணக்கில் ஆனது. மைஎஸ்க்யூஎல் தன் லத்தீன்-1-இல் அந்த 5 இடங்களையும் வெறுமனே கடத்திவிடும், எதுவும் தொலையாது.

இன்னொன்று. அந்தக் கோப்பில் கருத்து எழுதியவர்களின் மின்னஞ்சலும் ஐபி எண்ணும் இருக்கும். உதவி கேட்கிறேன் என்று அதைப் பொதுவில் எங்கும் ஏற்றிவிடாதீர்கள்.

புதுப்பக்கம் எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். எதற்கு இவ்வளவு பாடு? 2004-இல் அட்டவணையை வைத்துப் பக்கம் கட்டுவது பற்றியும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-க்கு ஒட்டுப்போடுவது பற்றியும் எழுதியிருப்பீர்கள். அந்த எக்ஸ்புளோரரின் கடைசிப் பதிப்பையே 2022 ஜூனில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புதிதாக ஒரு தளம், புதிதாக முதல் கட்டுரை. மீட்பு வேலையில் இறங்கினால் ஆறு மாதம் அதிலேயே போய்விடும், எழுதும் ஆசையும் வற்றிவிடும். இப்படி நின்றுபோனவர்கள் நிறையப் பேர்.

கொக்குவிலான் எழுதியது:

புதுப்பக்கம் சொல்வதில் ஒன்றை ஏற்கிறேன். மீட்பு முடிந்த பிறகுதான் எழுதுவேன் என்று இருந்தால் எழுதவே முடியாது. இரண்டையும் ஒன்றாகவே செய்யவேண்டும்.

ஆனால் பழையதை விடச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. நான் எச்டிஎம்எல் படித்தது நெற் கஃபேயில், அச்சடித்து எடுத்துவந்த தமிழ்ப் பாடங்களில் இருந்துதான். ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், ஆனால் ஒரு புதிய விசயம் மனதில் இறங்குவதற்கு அது போதாது. அப்படிப் படித்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. அந்தப் பாடங்கள் இருந்த தளங்களில் பெரும்பாலானவை இன்றைக்கு இல்லை. இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீசை 2009 அக்டோபர் 26 அன்று மூடியபோது அதில் இருந்த தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்தே போயின. சிலது ஆர்வலர்கள் எடுத்துவைத்த நகல்களில் தப்பியது. ஆங்கிலத்தில் ஒரு தளம் போனால் அதே விசயத்துக்கு வேறு நூறு தளம் இருக்கும். தமிழில் அந்த விசயத்துக்கு அந்த ஒன்றுதான் இருந்திருக்கும்.

அதனால் அக்கா, நீங்கள் முதலில் மீட்கவேண்டியது தோற்றத்தை அல்ல, முகவரிகளை. எந்தக் கட்டுரை எந்த முகவரியில் இருந்ததோ அதே முகவரியில் மறுபடி கிடைக்கவேண்டும். நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே எழுதிவைத்தார். அவர் வேலை செய்த செர்ன் ஆய்வகமும் உலகின் முதல் வலைத்தளத்தை 2013 ஏப்ரலில் அதன் பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தது. உங்கள் கட்டுரைக்கு யாரோ ஒரு ஆசிரியர் தன் பக்கத்தில் இணைப்புக் கொடுத்திருப்பார், யாரோ ஒருவர் பாடக்குறிப்பில் எழுதிவைத்திருப்பார். டொமைனை விடாமல் வைத்திருக்கிறீர்கள், இது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. விட்டிருந்தால் இந்நேரம் அந்தப் பெயரில் யாராவது சூதாட்ட விளம்பரம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பாமினிக் கட்டுரைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. திஸ்கியில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருக்கும், தமிழ் மேல் பாதியில் உட்காரும். பாமினி அப்படி இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு அது. ஆகவே கட்டுரைக்குள் இருக்கும் எச்டிஎம்எல் எடுத்துக்காட்டும் தமிழ் வாக்கியமும் கணினிக்கு ஒரே மாதிரிதான் தெரியும். முழுக் கோப்பையும் மாற்றியில் போட்டால் டேக் எல்லாம் தமிழாகிவிடும். எழுத்துருப் பெயர் சொல்லும் டேக்குக்கு உள்ளே இருப்பதை மட்டும் பிரித்து எடுத்து மாற்றுங்கள். கட்டுரை சிலதுதான் என்றால் கையாலேயே செய்யலாம்.

எழுத்தாணி எழுதியது:

பொன்னிக்கரை அவர்களுக்கு வணக்கம். திஸ்கியில் இருந்து யூனிகோடுக்குப் பல தளங்களை மாற்றிக்கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடு உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கும், முதலில் க, பிறகு கொம்பு. 'கொ' என்றால் திஸ்கியில் மூன்று துண்டு: கொம்பு, க, கால். யூனிகோடில் க-வும் ஒகரக் குறியும். நல்ல மாற்றி இவற்றையெல்லாம் சரியாகவே செய்யும். ஓபன்-தமிழ் என்ற பைதான் நூலகத்தில் பழைய குறிமுறைகளை மாற்றும் பகுதி இருக்கிறது. கோப்புகள் நிறைய என்றால் அதுதான் வசதி. சிலவற்றை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் என்எச்எம் கன்வர்ட்டரோ பொங்குதமிழோ போதும். பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. அதுவும் திஸ்கியில் நூல்களை வெளியிட்டுவந்து, பிறகு யூனிகோடுக்கு மாறியது. அவ்வளவு பெரிய தொகுப்பே மாறியிருக்கும்போது உங்கள் கட்டுரைகள் மாறாமல் போகாது.

மாற்றிய பிறகு செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம். பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

'ர்' இருக்க வேண்டிய இடத்தில் கால் போட்டு அதன் மேல் புள்ளி வைத்த எழுத்து இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். தேடுபொறிக்கு அது வேறு சொல். 'சர்வர்' என்று தேடுபவருக்கு உங்கள் கட்டுரை கிடைக்கவே கிடைக்காது. நல்ல வேளையாக, தமிழில் காலுக்குப் பிறகு புள்ளி வர வழியே இல்லை. எங்கே பார்த்தாலும் யோசிக்காமல் 'ர்' என்று மாற்றிவிடலாம்.

கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும் 'கொ', 'கோ' இன்னொரு வகை. யூனிகோடு இயல்பாக்கம் என்று ஒன்று உண்டு, என்எஃப்சி என்பார்கள். அதை ஒருமுறை ஓட்டினால் எல்லாம் ஒன்று சேர்ந்துவிடும்.

ஔகாரத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். 'கௌரவம்' என்பதைப் பலர் கொம்பும் ளகரமுமாக, 'கெளரவம்' என்று அடித்திருப்பார்கள். அதற்காக எல்லா இடத்திலும் மாற்றச் சொன்னால் 'வெளி', 'தெளிவு' போன்ற சொற்களிலும் கைவைக்கும் அபாயம் உண்டு. 'வெளியீடு' 'வௌயீடு' ஆகி நிற்பதைப் பெரிய தளங்களிலேயே பார்த்திருக்கிறேன், மனம் வருந்தும். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம் என்று ஒரு சிறு பட்டியல் போட்டு, அந்தச் சொற்களை மட்டும் மாற்றுங்கள்.

கடைசியில் ஒருமுறையாவது உட்கார்ந்து கண்ணால் படித்துவிடுங்கள். எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது.

ஆலமரத்தடி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என் தளம் பிளாகரில் இருக்கிறது, அதையும் இதே போல் தூசி தட்ட நினைக்கிறேன். பழைய முகவரிகளைப் பார்த்தால் எல்லாம் 'பிளாக் போஸ்ட் 12', 'பிளாக் போஸ்ட் 27' என்றுதான் இருக்கின்றன. இதையுமா காப்பாற்ற வேண்டும்?

நிரல்நேசன் எழுதியது:

ஆமாம் அண்ணா, அதையும்தான். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் அந்தக் காலத்தில் அப்படித்தான் பெயர் வைக்கும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஆங்கிலத் தலைப்பு கொடுத்து வெளியிட்டுவிட்டு, பிறகு தமிழ்த் தலைப்பு மாற்றுவார்கள். அழகில்லாத முகவரிதான், ஆனால் அதைச் சுட்டும் இணைப்புகள் உண்மையானவை.

பொன்னிக்கரை அக்காவுக்கும் இதில் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை முகவரியாக்கும்போது ஒவ்வொரு குறியீட்டையும் 9 எழுத்தாக விரித்து வைக்கும். தரவுத்தளத்தில் அதற்கான நெடுவரிசையின் அகலம் 200 எழுத்து. அதாவது 22 குறியீட்டோடு முகவரி வெட்டுப்படும். 'தமிழில்' என்ற ஒரு சொல்லுக்கே 7 குறியீடு, புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் கணக்கு. மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். வெட்டுப்பட்ட முகவரிகளைப் பார்த்து 'சரிசெய்துவிடலாம்' என்று தோன்றும். வெட்டுப்பட்டதுதான் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் முகவரி, அப்படியே விடுங்கள். புதிய கட்டுரைகளுக்கு மட்டும் சின்னதாக ஒரு பெயர் கொடுங்கள்.

ஆலமரத்தடி அண்ணா, பிளாகரில் காப்பு எடுத்தால் கிடைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் கட்டுரையும் கருத்தும் இருக்கும். படங்கள் இருக்காது, படத்தின் முகவரி மட்டும்தான். படங்களைத் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள்.

பொன்னிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எழுத்தாணி ஐயா, நீங்கள் சொன்ன ரகரச் சிக்கல் என் கோப்புகளில் ஏராளமாக இருக்கிறது. அடித்த எனக்கே இத்தனை நாள் தெரியவில்லை.

தரவுத்தளம் மீண்டுவிட்டது. நிரல்நேசன் தம்பி சொன்ன மூன்று படியில் எல்லாத் தமிழும் புள்ளி உட்பட வந்துவிட்டது. பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. கட்டுரைகளை விட, கீழே இருந்த கருத்துகள்தான் அதிகம் பேசவைத்தன. எவ்வளவு பொறுமையாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! சில இடங்களில் நான் எழுதியதை விடக் கருத்தில் வந்த விளக்கம் நன்றாக இருக்கிறது. அவற்றை மின்னஞ்சல் எல்லாம் நீக்கிவிட்டுக் கட்டுரையோடு சேர்த்தே வைக்கப்போகிறேன்.

திஸ்கிப் பக்கங்களில் சில கோப்புகள் என்னிடம் இல்லை. அவற்றைப் பழைய வலைப்பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினில் பார்த்தேன், இருக்கின்றன, ஆனால் இறக்கினால் அவர்களுடைய மேல்பட்டையும் நிரலும் கலந்து வருகிறது. என்ன செய்வது?

அப்புறம் என் முதல் கேள்வி இன்னும் மனதை அரிக்கிறது. 2005-இல் 'பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும்' என்று ஒரு தொடர் எழுதினேன். படிவத்தில் வந்த மதிப்பை நேரே கேள்வி வரியில் ஒட்டும் முறை அதில் இருக்கிறது. அன்று எல்லாரும் சொல்லிக்கொடுத்தது அதுதான். இன்று அதை அப்படியே வைப்பது சரியா?

நிரல்நேசன் எழுதியது:

வேபேக்கில் முகவரிக்குள் 14 இலக்க நேரக் குறி ஒன்று இருக்கும். அதை ஒட்டிப் பின்னால் சின்ன ஆங்கில எழுத்தில் ஐ, டி, அடிக்கோடு மூன்றையும் சேர்த்து என்டர் தட்டுங்கள். அவர்கள் சேர்த்தது எதுவும் இல்லாமல் அன்று எடுத்த மூலக் கோப்பு அப்படியே வரும். திஸ்கிக்கு இதுதான் தேவை.

புதுப்பக்கம் எழுதியது:

இப்போது நான் சொன்னதன் காரணம் புரிந்திருக்கும். அந்த பிஎச்பி தொடரை அப்படியே வைத்தால் ஒரு கல்லூரி மாணவன் அதைத் தேடி எடுத்து, ஒட்டி, ஒரு கடைக்கு மென்பொருள் செய்து கொடுப்பான். எஸ்க்யூஎல் ஊடுருவல், அதாவது படிவத்தில் தரவுத்தளக் கட்டளையை எழுதி நுழைவது, அதற்கு இடம் கொடுப்பது வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. அன்று பயன்படுத்திய பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளையே பிஎச்பி 7-இல், 2015 கடைசியில், மொழியில் இருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் முறை தவறு என்பதை அவன் எங்கே படிப்பான்? அதே ஒட்டும் முறையைப் புதிய கட்டளையில் எழுதினாலும் ஓடும், ஆபத்தும் அப்படியே இருக்கும். இதைக் காப்பாற்றுவது நல்லது என்று எனக்குத் தோன்றவில்லை.

நிரல்நேசன் எழுதியது:

இதில் புதுப்பக்கம் சொல்வது நியாயம். நான் இரண்டாகப் பிரிப்பேன்.

காலாவதியானது ஒன்று, ஆபத்தானது இன்னொன்று. அட்டவணையால் பக்கம் கட்டுவது, ஃபுளோட்டை வைத்து மூன்று பத்தி அமைப்பது, எக்ஸ்புளோரர் 6-க்கான ஒட்டுகள், இவை காலாவதியானவை. படிப்பவருக்குக் கேடு இல்லை. மேலே தெளிவாகத் தேதியும், 'இன்று இதற்கு கிரிட் (பக்கத்தைக் கட்டம் பிரிக்கும் சிஎஸ்எஸ் வசதி) போதும்' என்று ஒரு வரியும், புதிய கட்டுரைக்கு இணைப்பும் போட்டால் போதும். உள்ளே கைவைக்காதீர்கள். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்ததன் அருமை, அதற்கு முன் நாம் பட்ட பாட்டைப் படித்தால்தான் தெரியும்.

ஆபத்தான நிரலை அப்படியே விடக்கூடாது. நிரல் பகுதியை எடுத்துவிட்டு, மதிப்பைத் தனியாக இணைக்கும் முறையில் திருத்திய நிரலை அங்கேயே வைத்து, 'இந்த இடத்தில் பழைய நிரல் இருந்தது, இன்ன காரணத்தால், இன்ன தேதியில் மாற்றினேன்' என்று எழுதுங்கள். விளக்கவுரை உங்கள் பழைய உரையாகவே இருக்கட்டும்.

புதுப்பக்கம் எழுதியது:

நிரலை மாற்றுவதென்றால் சரி. ஆனாலும் என் கருத்து, அந்தத் தொடரைத் தேடுபொறியில் வராமல் செய்துவிடுங்கள். நேரடி இணைப்பில் வருபவருக்குக் கிடைக்கும், தேடி வருபவர் புதியதைப் பார்ப்பார்.

கொக்குவிலான் எழுதியது:

தேடுபொறியில் இருந்து மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழில் தேடுபவருக்கு ஏற்கெனவே கிடைப்பது கொஞ்சம். கணியம் மின்னிதழ் 2012-இல் இருந்து எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், மைஎஸ்க்யூஎல் என்று எளிய தமிழில் நூல்களைத் தருகிறது, அது பெரும் தொண்டு. ஆனால் அது தவிர எண்ணிப் பார்த்தால் விரல்கள் போதும். திருத்திய கட்டுரை என்றால் அதை ஏன் ஒளிக்கவேண்டும்?

அக்கா, உங்கள் எழுத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தெளிவாக அடியில் போட்டுவிடுங்கள். நாளைக்கு நீங்கள் மறுபடி சில ஆண்டு விலகி இருந்தாலும், வேறு யாராவது எடுத்துத் திருத்தித் தொடர முடியும்.

வரிவடிவம் எழுதியது:

எல்லாரும் உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் தோற்றத்துக்கு வருகிறேன், தமிழ் எழுத்து அமைப்பில்தான் என் வேலையே.

பழைய எச்டிஎம்எல் பக்கங்களைப் புதிய உறைக்குள் கொண்டுவர முடியாவிட்டாலும் பரவாயில்லை. தலைப்பகுதியில் வியூபோர்ட் வரி ஒன்றைச் சேருங்கள். அது இல்லாத பக்கத்தைக் கைபேசி 980 பிக்சல் அகலம் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு அளவில் தெரிவது அதனால்தான். அட்டவணைகளின் நிலையான அகலத்தையும் எடுத்துவிட்டால் படிக்கும்படி ஆகிவிடும். குறிமுறை அறிவிப்பையும் மறக்காமல் மாற்றுங்கள். திஸ்கிப் பக்கங்களில் 'பயனர் வரையறுத்தது' என்று இருக்கும், யூனிகோடாக்கிய பிறகும் அது அப்படியே இருந்தால் மறுபடி குப்பைதான் தெரியும். பக்க மொழி தமிழ் என்று அறிவியுங்கள், திரைபடிப்பான் வைத்திருக்கும் பார்வையற்ற வாசகர்களுக்கு அது தேவை.

புதிய வடிவமைப்புக்கு வந்தால், ஆங்கிலத்துக்குச் செய்த வடிவமைப்பு வார்ப்புரு (தீம்) எதையும் அப்படியே எடுக்காதீர்கள். தமிழுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். மேலே கீயும் புள்ளியும், கீழே கூவும் என்று இரண்டு பக்கமும் நீளும் எழுத்து நம்முடையது. 1.4 என்று வைத்தால் மேல் வரியின் கூவும் கீழ் வரியின் கீயும் முட்டும். நான் 1.7-க்குக் குறைப்பதில்லை.

இருபுறமும் சமன்செய்து வரி அமைக்காதீர்கள். 'நிறுவிக்கொள்ளவேண்டியிருக்கிறது' போன்ற ஒரு சொல் கைபேசியில் ஒரு வரியையே எடுத்துக்கொள்ளும். அடுத்த வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே ஆற்றங்கரை மாதிரி இடைவெளி திறக்கும். இடப்பக்கம் மட்டும் ஒட்டி விடுங்கள். மிக நீளமான சொல் திரையை விட்டு வெளியே போகாமல் உடைக்கும்படியும் சொல்லிவையுங்கள்.

பத்தியின் அகலத்தை எழுத்து எண்ணிக்கை அலகில் வைக்கச் சொல்லும் பாடங்கள் நிறைய. அந்த அலகு பூஜ்யத்தின் அகலத்தைக் கொண்டது. தமிழ் எழுத்து அதைவிட அகலம். 65 என்று கொடுத்தால் தமிழுக்கு மிகக் குறுகலாகிவிடும். நேரடியாக ரெம் அலகில் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைக் கொண்டது), உண்மையான தமிழ்ப் பத்தி ஒன்றை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவம் கிடையாது, பிரவுசர் தானாகவே தள்ளிச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. அழுத்தம் வேண்டும் என்றால் தடித்த எழுத்தோ நிறமோ பயன்படுத்துங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நம்பகமானது. முக்த மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரை, கேடமரன் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து உங்கள் சர்வரிலேயே வாஃப்2 என்ற வலை எழுத்துரு வடிவில் வையுங்கள். ஒரு காலத்தில் தமிழ்த் தளத்தைப் பார்க்க எழுத்துருவை இறக்கி நிறுவு என்று முகப்பிலேயே எழுதிவைப்போம். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டின் இஓடி கோப்பு, அது எக்ஸ்புளோரரில் மட்டும்தான் வேலை செய்யும். 2009-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 வந்த பிறகுதான் அந்தப் பக்கமும் கதவு திறந்தது. இன்று வாசகர் எதுவுமே செய்ய வேண்டியதில்லை என்பதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சி.

உங்கள் தளம் நிரல் காட்டும் தளம் என்பதால் கடைசியாக இது. நிரலுக்கான சம அகல எழுத்துருக்களில் தமிழ் பொதுவாக இருக்காது. நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதினால் அந்த இடத்தில் வேறு எழுத்துரு வந்து வரியின் உயரம் குதிக்கும். நிரல் பகுதிக்கும் ஒரு தமிழ் எழுத்துருவை இரண்டாவதாகக் குறிப்பிட்டு, அளவைச் சரிசெய்யும் சிஎஸ்எஸ் பண்பால் கொஞ்சம் குறைத்துவையுங்கள். தமிழில் குறிப்பு எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பொன்னிக்கரை எழுதியது:

வரிவடிவம், இதையே ஒரு கட்டுரையாக எழுதலாம் போலிருக்கிறதே! உங்கள் அனுமதியோடு, புதிதாக நான் எழுதப்போகும் முதல் கட்டுரை தமிழுக்கு வரி அமைப்பது பற்றித்தான். பழைய தளத்தில் 2006-இல் இதே தலைப்பில் ஒன்று இருக்கிறது. லதா எழுத்துரு 12 புள்ளியில் தெளியவில்லை என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். அதற்கும் இதற்கும் இணைப்புக் கொடுப்பேன்.

பிஎச்பி தொடரை நிரல்நேசன் தம்பி சொன்னபடியே செய்கிறேன், மறைக்கமாட்டேன். புதுப்பக்கம், உங்கள் எச்சரிக்கையைத் தொடரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன்.

வேர்ட்பிரசை மறுபடி நிறுவாமல், எல்லாவற்றையும் நிலையான கோப்புகளாக ஹ்யூகோ என்ற தளம் கட்டும் கருவியில் கட்ட முடிவு செய்திருக்கிறேன். கவனிக்காமல் விட்டாலும் அதில் ஊடுருவ ஒன்றும் இருக்காது. கடைசியாக ஒரே சந்தேகம். பழைய ஆர்எஸ்எஸ் ஓடையின் (புதிய கட்டுரைகளை வாசிப்பான்களுக்குத் தரும் கோப்பு) முகவரியை இன்னும் சில வாசிப்பான்கள் வந்து கேட்கின்றன என்று சர்வர் பதிவேட்டில் தெரிகிறது. கூகுள் ரீடர் 2013-இலேயே போய்விட்டதே, இது யார்?

நிரல்நேசன் எழுதியது:

ஃபீட்லி போன்ற வேறு வாசிப்பான்களாக இருக்கும் அக்கா. கூகுள் ரீடர் மூடியபோது பலர் தங்கள் பட்டியலை அப்படியே வேறு இடத்துக்கு எடுத்துப்போனார்கள். அந்தப் பட்டியலில் நீங்களும் இருந்திருக்கிறீர்கள். பல ஆண்டாக எதுவும் வராவிட்டாலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதனால் ஓடையை அதே முகவரியில் வையுங்கள். ஹ்யூகோ வேறு பெயரில் உண்டாக்கும், அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் 301 (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்ற சர்வர் குறி) கொடுத்துத் திருப்பிவிடுங்கள். இப்படிப்பட்ட தளங்களை வைக்கும் சேவைகளில், கிட்ஹப் பேஜஸில் சர்வர் அளவில் 301 கொடுக்க வழியில்லை, நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இரண்டிலும் ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைத்தால் போதும். வெட்டுப்பட்ட தமிழ் முகவரிகளுக்கும் அந்தக் கோப்பே உதவும். எச்டிடிபிஎஸ்ஸும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். அது இல்லாமல் வெளியிடாதீர்கள், 2018 ஜூலையில் இருந்து குரோம் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறது.

ஓடையில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அடையாளச் சரம் உண்டு. வேர்ட்பிரஸ் கொடுத்த பழைய சரம் தரவுத்தளத்தில் இருக்கும், அதையே எடுத்து வையுங்கள். புதிதாக உண்டாக்கினால் பழைய கட்டுரைகள் எல்லாம் இன்று எழுதியவை என்று வாசிப்பான் நினைத்து வாசகர் தலையில் கொட்டிவிடும். அல்லது முதல் மாதம் ஓடையில் புதிய கட்டுரைகளை மட்டும் விடுங்கள், அது இன்னும் எளிது. வரி அமைப்புக் கட்டுரையை வெளியிட்டதும் இங்கே இணைப்புக் கொடுங்கள்.